அந்தக் கைகள்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கடற்பாசி காய்ச்சி, வில்லை வில்லையாக வெட்டிக் கொடுத்தேன். "பிரமாதம்!" என்று தட்டை வழித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் போனதும் என் பெண் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஏம்மா, அந்தப் பாராட்டில் இவர்களுக்குப் பங்கில்லையா?" என்றாள்.

ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பெண்கள். சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை. விரல்களில் துணிச் சுற்று. காலில் ரப்பர் செருப்பு. இந்தக் கோலத்தில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கி, பாறையில் முளைத்த பாசியைக் கையாலேயே பறிக்கிறார்கள். அவர்கள் 'மரிக்கொழுந்து' என்று அழைக்கும் பாசியிலிருந்துதான் அகர் அகர் செய்கிறார்கள். விருந்தில் மணக்காத மரிக்கொழுந்து!

படம் எடுத்தவர் யார் என்கிறீர்களா? நம் மதுரைப் பிள்ளை எம். பழனிகுமார்; மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர் துயரைச் சொன்ன 'கக்கூஸ்' ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 'பாரி' என்னும் கிராமப்புற ஆவணக் காப்பகத்துக்காகப் படம் எடுப்பவர். தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் முதன்முதலாக இவருக்குத்தான் கிடைத்தது.

சீமையிலும் இப்படிப்பட்ட படங்களுக்கு மதிப்பு உண்டு. ஜெனீவாவின் பிக்டே நிறுவனத்தார் 2008-ல் ஏற்படுத்திய 'ப்ரீ பிக்டே' பரிசு 1 லட்சம் சுவிஸ் பிராங்க். ராஜஸ்தான் பாலைவனத்து ஏழை மக்களை 1999 முதல் படம் பிடித்துவந்த டில்லிப் பெண்மணி கௌரி கில், 2023-ல் அதைப் பெற்றார். பூமியும் மனிதரும் நாளைக்கும் நீடித்து வாழவேண்டும் என்பதே அந்தப் பரிசின் நோக்கம். அரிசிப் பானையை ஒட்ட வழிக்காதே, ஒரு பிடி மிச்சம் வை என்பாளே பாட்டி, அதே சமாசாரந்தான்! பாசிப் பெண்களும் அப்படித்தான். மாதத்தில் 12 நாள் மட்டும் பறித்துவிட்டு, மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சகோதரிகளே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினைந்து வருஷமாக எங்கள் வாசலுக்கு ஒரு மீன்காரம்மா வருகிறாள். செதில் போகாத மீனையும், காசு பாக்கியையும் கவனித்திருக்கிறேனே தவிர, அவள் கையை ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா? பத்து ரூபாய் குறைக்காமல் விட்டதுண்டா?

மறுநாள் காலை அவள் சொன்ன விலையைக் கொடுத்தேன். அவள் திகைத்துப்போய், "என்னக்கா, உடம்புக்கு முடியலையா? பேரத்தையே காணோம்!" என்றாள். என் பெண் ஓடிவந்து, "அத்தை, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலையை ஒதுக்கிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

படம் எடுக்கும் சமயத்தில் மட்டும், முள் குத்திக் குத்திக் காய்ப்பேறிய இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

உங்கள் வாசலுக்கும் யாராவது வருவார்கள் அல்லவா? நாளைக்குக் கொஞ்சம் பாருங்களேன்.