அரைக் குளிசை

எங்கட வீட்டில் மருந்து யாருக்கும் தனிச் சொந்தமாக இருந்ததில்லை. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த களிம்பு சித்தியின் முழங்காலுக்கும் போகும். என் இருமல் பாணி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போகும். அந்தப் பழக்கம் ஜேர்மனியின் வுப்பர்டால் வரை என்னோடு வந்தது.

பொதி இறக்கும் வேலையில் முதுகு பிடித்து, வலிக்கு எடுத்த டிலிடின் சொட்டுமருந்தில் தொடங்கி, அது இல்லாமல் எழும்ப முடியாதவனாகிப் போனேன். இரண்டு வருடம் மறைத்த பிறகுதான் டொக்டரிடம் போனேன். அதற்கு மாற்றாக புப்ரெனோர்பின் குளிசை எழுதினார். காலையில் நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை விழுங்காமல் இருக்க வேண்டும். ஒழுங்காக இருந்ததால் சில மாதத்தில் ஒரு கிழமைக்கு உரியதை வீட்டுக்குத் தந்தார்கள். அந்தப் பெட்டியை நற்சான்றிதழ் போல அலுமாரியில் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தெரிந்த பெடியன் ஒருவன் வந்தான்.

"ஹெரோயினை விடப்போறன் அண்ணை. உங்கட குளிசையில ஒண்டு தாங்கோ."

"கடைசியா எப்ப எடுத்தனீ?"

"நேற்றுக் காலமை."

அவன் கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. பார்த்தேன், அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. காய் வெட்டும் பலகையில் குளிசையை வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. வியர்வையில் அவன் சட்டை ஒட்டியது. வாந்தி, நடுக்கம், கால்கள் தாமாகவே உதைத்தன. அவன் அன்று மத்தியானமும் எடுத்திருந்தான். மூளையில் ஹெரோயின் பிடித்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, புப்ரெனோர்பின் தான் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஹெரோயினின் வேலையில் ஒரு பங்கைத்தான் செய்யும். போதையை விடும்போது நாட்கணக்கில் வரவேண்டிய வேதனை ஒரேயடியாக வந்துவிடும். அதனால்தான் டொக்டர்கள் நேரம் பார்த்து முதல் குளிசையைத் தருகிறார்கள்.

நான் உடனே 112 ஐ அழைக்கவில்லை. முதலில் பெட்டியை ஒளித்தேன். இன்னொருவருக்குக் கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம் என்று தெரியும். அந்தப் பத்து நிமிடத்தை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை. அவன் பிழைத்தான்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இங்கே கூட்டி வந்திருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார். பகலில் அவனோடு அந்த வாசலில் நிற்பதை நம்மவர்கள் கண்டால் என்ற பயம்தான் காரணம். இரக்கம் என்று நான் நினைத்ததில் பாதி வெட்கம்.

வீட்டுக்குத் தருவது நின்றது. இப்போது தினமும் தொங்குரயிலில் போய் மருந்தகத்தில் அவர்கள் முன்னால் குளிசை போடுகிறேன். வழியில் எல்பர்பெல்டில் பாயர் ஆலையைக் கடக்கும். 1897 இல் ஃபெலிக்ஸ் ஹொஃப்மன் அங்கேதான் ஹெரோயினைத் தயாரித்தார். அடுத்த வருடம் அது இருமல் மருந்தாகக் கடைக்கு வந்தது. என் பழைய இருமல் பாணிப் போத்தல் நினைவுக்கு வரும்.

அந்தப் பெடியனும் இப்போது தன் பேருக்கு எழுதிய சீட்டோடு என் பக்கத்தில் இருந்து வருகிறான். போன கிழமை கேட்டான்: "தலையிடிக்குது. பனடோல் வைச்சிருக்கிறீங்களோ அண்ணை?"

பையைத் திறக்கப் போன கையை மடியில் வைத்தேன்.

"போற இடத்தில கேப்பமடா தம்பி."