உறைந்த டீசலும் உஸ்தாதின் உள்ளங்கையும்

மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று கொண்டுவந்தது. அந்தச் செய்தியைச் சொன்னபோது, ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் போய்வரும் நாமக்கல் டிரைவர் நண்பர், "பங்க்ல மாறிடுச்சு சார், டேங்க்ல இன்னும் மாறலையே" என்றார். கார்கிலில் ஓர் உஸ்தாதைப் பார்த்துவரச் சொன்னவரும் அவர்தான். கைதேர்ந்த மெக்கானிக்கை வடக்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

டிசம்பர் தொடக்கம். ஸோஜி லா கணவாயைத் தாண்டி, திராஸ் வழியாக வந்த லாரிகள் சுரு ஆற்றோரம் வரிசையாக நின்றன. அவற்றில் பஞ்சாப் லாரி ஒன்று கிளம்ப மறுத்தது. சமவெளியில் நிரப்பிய சாதா டீசல் அதன் டேங்கில் பாதிக்குமேல் இருந்தது. டிரைவர் விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தார். "பேட்டரியைக் கொல்லாதே பேட்டா, கீழே இறங்கு" என்றார் உஸ்தாத்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று பழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிரில் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடுகிறது. எஞ்சின் ஆயில் கெட்டிப்படுகிறது. பேட்டரியின் பலமும் குறைகிறது. எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டிய நேரத்தில் மெதுவாகச் சுழல்கிறது. போதாததற்கு டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்கிறது.

உஸ்தாத் இரும்புத் தட்டில் கரித்தணல் எடுத்து, ஆயில் சம்புக்குக் கீழே தள்ளினார். டேங்குக்கும் டீசல் பைப்புக்கும் பக்கத்தில் தணலைக் கொண்டுபோகவில்லை. அங்கே துணியைச் சுற்றி வெந்நீர்தான் ஊற்றினார். ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே உறைந்த நெய் போல வெளிறிய மெழுகு. புது ஃபில்டரில் குளிர்கால டீசலை நிரப்பி மாட்டினார்.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு, ஃபில்டர் மேலிருக்கும் சிறு கைப்பம்பை அழுத்தத் தொடங்கினார். தளர்த்திய திருகின் வழியே நுரையாக வந்த டீசல், குமிழி அடங்கித் தெளிந்த தாரையானது. திருகை இறுக்கிவிட்டு மறுபடி அழுத்தினார். பம்பு இப்போது உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. "கையுறை போட்டால் இது தெரியாது" என்றார். விரல் நுனிகள் வெடித்து, பிளவுகளில் கறுப்பு ஏறியிருந்தது. சிறுவயதில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கப் பட்டறைக்கு வந்தவர். 1999 போரின்போது குண்டு விழுந்த இதே சாலையில் நின்றுபோன லாரிகளைக் கிளப்பிக் கொடுத்தவர்.

எஞ்சின் வெண்புகை தள்ளிக்கொண்டு உயிர் பெற்றது. இரவு அணைத்தால் காலையில் கிளம்பாது என்ற பயத்தில் பல டிரைவர்கள் விடிய விடிய எஞ்சினை ஓடவிடுகிறார்கள். டீசல் சரியாக எரியாமல் கரி படிகிறது, எஞ்சின் ஆயிலிலும் கலக்கிறது. டீசலை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் கேபினுக்குள் கரி அடுப்போடு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்தப் புகையில் தூங்கியவர்கள் எழுந்திருக்காத கதைகள் இந்தச் சாலையில் உண்டு. உஸ்தாத் உரக்கத் திட்டுவது இதற்கு மட்டும்தான்.

இரவெல்லாம் ஓடும் எஞ்சின் குடிக்கும் டீசலுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி அனுப்பும் புரோக்கர், சரக்கு ஏறும்போதே கமிஷனை எடுத்துக்கொள்கிறார். கணவாய் மூடினால் காத்திருப்பது டிரைவர். ஃபில்டருக்கும் உஸ்தாதின் கூலிக்கும் அவருடைய சட்டைப்பையில்தான் கைவைக்க வேண்டியிருக்கிறது. அதனால் உஸ்தாதுக்குப் பாதிக் கூலி கடன்.

லடாக்கின் அரிசியும் மருந்தும் சிமெண்டும் இந்த லாரிகளில்தான் ஏறுகின்றன. நல்ல டீசல் கண்டுபிடித்தாயிற்று. இனி அந்த டீசலின் விலையையும் காத்திருக்கும் நாட்களின் படியையும் வாடகைச் சீட்டிலேயே எழுத வேண்டும். சரக்கு அனுப்புகிறவர் அதைக் கொடுக்க வேண்டும். குளிரின் செலவை, குளிரில் நிற்பவன் தலையில் கட்டுவது அநியாயம்.