சும்மா இருக்கும் மென்பொருள்

சும்மா இருப்பது எளிதன்று என்று நம் சித்தர்களும் ஞானிகளும் சொல்லிப் போனார்கள். மனத்தைச் சும்மா இருக்கச் செய்யவே அவர்கள் காடும் மலையும் தேடினார்கள். இன்று நம் விடுதி அறைகளில் இருக்கும் மடிக்கணினிகளைக் கண்டிருந்தால், அந்தக் கலை மென்பொருளுக்கும் கைவரவில்லை என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அதிலும் திரைப்பதிவு மென்பொருள் இருக்கிறதே, அது சும்மா இருப்பதுபோல் நடிப்பதில் கைதேர்ந்தது. டில்லியின் ஜனவரிக் குளிரில் மூன்று இரவுகள் அப்படி ஒன்றைத் துரத்திப் பிடித்த கதையை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் விடுதியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. தாயின் சங்கிலியை அடகு வைத்துத் தந்தை வாங்கிக் கொடுத்த மடிக்கணினியோடு டில்லிக்கு ரயில் ஏறியவன். தனியே கிராபிக்ஸ் கார்டு இல்லாத எளிய கணினி. இந்தி தெரியாது, ஆங்கிலமும் தயங்கித் தயங்கித்தான் வரும். ஆனால் கவுண்டர்-ஸ்டிரைக் விளையாட்டில் அவன் கைக்கு ஈடு இல்லை. விடுதிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு எங்கள் ஐவர் அணியில் அவனுக்கும் இடம் கிடைத்தது. அந்த நால்வரோடுதான் அவன் மெஸ்ஸில் சேர்ந்து உண்டான். அவர்களிடமிருந்துதான் இந்தியும் கற்றான். வெறும் விளையாட்டுத்தானே என்று நாம் சொல்லலாம். ஊர் விட்டு வந்த ஒருவனுக்கு அதுவே ஊராக இருந்தது.

டிசம்பர் வரை விநாடிக்கு 60 பிரேம் காட்டிய விளையாட்டு, ஜனவரியில் 40-க்கு இறங்கிவிட்டது. கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்தை வரைந்து முடிக்க ஆகும் நேரம் 16.7 மில்லி விநாடி. 40 படம் என்றால் 25 மில்லி விநாடி. ஒவ்வொரு படத்திலும் 8.3 மில்லி விநாடியை எவனோ திருடுகிறான்! எதிரி மூலையில் தலைகாட்டும் கணத்தில் படம் திக்கும். இவன் குறி பார்ப்பதற்குள் அவன் சுட்டுவிடுவான். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைச் சேர்க்க வேண்டியதுதான் என்று அணித்தலைவன் சொல்லிவிட்டான்.

"அண்ணே, வேற லாப்டாப்னா எழுபதாயிரமாவது ஆவும். அப்பாகிட்ட எப்படிக் கேக்கன்னே தெரியல" என்று என் அறைக்கு வந்து நின்றான்.

நோய் வந்தவனுக்கு ஊரெல்லாம் வைத்தியர் அல்லவா? சூடு ஏறிவிட்டது என்றான் ஒருவன். விசிறியைத் துடைத்து வெப்பத்தை அளந்தோம், அளவோடுதான் இருந்தது. டிரைவர் பழுது என்றான் இன்னொருவன். அதையும் புதிதாக நிறுவினோம், பயனில்லை. மூன்றாமவன், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றச் சொன்னான். அதைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறிவிட்டது. இணைய வழியில் நடந்த வகுப்புகளை யெல்லாம் ஆசிரியரின் அனுமதியோடு அவன் பதிவு செய்து வைத்திருந்தான். ஆங்கிலத்தில் வேகமாக ஓடும் பாடத்தை இரவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டுத்தான் அவன் தேர்வு எழுதினான். அழித்தால் அத்தனையும் போய்விடும். நகலெடுத்து வைக்க அவனிடம் வேறு டிஸ்க்கும் இல்லை.

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, பிறகு தீர்க்கும் வழியைப் பார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன முறை. கணினிக்கும் அதுவே முறை என்று துணிந்தோம். டாஸ்க் மேனேஜரில், கணினி விழிக்கும்போதே உடன் விழித்துக்கொள்ளும் மென்பொருள்கள் 16 இருந்தன. பாதியை, அதாவது எட்டை, நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினோம். விளையாட்டில் அதே களம், அதே இடம், மூன்று நிமிடம். பிரேம் ஏறினால் திருடன் அந்த எட்டில் ஒருவன்; ஏறாவிட்டால் மற்ற எட்டில் ஒருவன். எட்டு நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. நாலே சோதனையில் அகப்பட்டுக்கொண்டது: பாடம் பதிவதற்காக அவன் நிறுவியிருந்த அதே திரைப்பதிவு மென்பொருள்!

"அது ரெக்கார்டே பண்ணலியே அண்ணே! சிவப்பு விளக்கு எரியல பாருங்க" என்றான்.

விளக்கு எரியவில்லைதான். ஆனால் அதில் 'ரீப்ளே பஃபர்' என்ற வசதி திறந்து கிடந்தது. நல்ல ஆட்டம் ஒன்று ஆடிய பிறகு பொத்தானை அழுத்தினால், கடந்த ஒரு நிமிடத்தை அது சேமித்துத் தரும். நடந்து முடிந்ததை எப்படித் தர முடியும்? ஓயாமல் பதிந்துகொண்டே இருந்தால்தானே முடியும்! ஒவ்வொரு படத்தையும் நகலெடுத்து, சுருக்கி, நினைவகத்தில் அடுக்கி, பழையதைக் கழித்துக்கொண்டே இருந்தது அந்தப் புண்ணியவான். சன்னலை மூடினாலும் கடிகாரத்தின் பக்கத்தில் சிறு சின்னமாக ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும். தனிக் கார்டு இல்லாத கணினியில் விளையாட்டும் பதிவும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிணற்றில் இரண்டு ஏற்றம் போட்டால் பாத்தி எப்படி நிறையும்?

முதலில் பார்த்தபோது இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. சிபியு பத்தியில் அதன் கணக்கு வெறும் இரண்டு விழுக்காடுதான். விண்டோஸ் 10-இல் 2017 முதல் டாஸ்க் மேனேஜர் ஜிபியு பத்தியையும் காட்டுகிறது. திருட்டுக் கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருந்தது. அதோடும் நாங்கள் விடவில்லை. வசதியை மூடினோம், 60, திறந்தோம், 40, மீண்டும் மூடினோம், 60. மூன்று முறை இப்படிச் செய்த பிறகே தீர்ப்புச் சொன்னோம்.

மென்பொருளை நீக்கவில்லை, அது அவனுக்குப் பாடம் சொல்லித் தரும் தோழன் ஆயிற்றே! ரீப்ளே பஃபரை அணைத்தோம். கணினியோடு தானே எழுந்துகொள்ளும் பழக்கத்தை ஒழித்தோம். வகுப்பு முடிந்ததும் கடிகாரத்தின் பக்கத்துச் சின்னத்தை வலச்சொடுக்கி அடியோடு வெளியேற்றிவிடு என்று சொல்லிக் கொடுத்தோம். செலவு சுழியம். தம்பி அணியில் நிலைத்தான். எழுபதாயிரம் கொடுத்துப் புதியது வாங்கியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? முதல் நாளே இதே மென்பொருளை அதில் ஏற்றியிருப்பான். திருடனும் புது வீட்டுக்குக் கூடவே குடிபோயிருப்பான்.

இது ஒரு மென்பொருளின் குணம் மட்டும் என்று எண்ண வேண்டா. ஓபிஎஸ் போன்றவற்றில் பதிவு நடக்காதபோதும் முன்காட்சி வரையப்பட்டுக்கொண்டே இருக்கும்; பொத்தானை அழுத்தியதும் தொடங்க அது ஆயத்தமாக நிற்க வேண்டுமல்லவா? விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், கேமிங், கேப்சர்ஸ் என்று சென்றால், நடந்ததைப் பின்னணியில் பதியும் விசை இருக்கிறது. 2024 டிசம்பரில் என்விடியா செயலியில், பயன்படுத்தாத நிலையிலும் திறந்திருந்த கேம் பில்டர் வசதியால் சில விளையாட்டுகளின் வேகம் 15 விழுக்காடு வரை குறைவதைச் சோதித்தவர்கள் வெளியிட்டார்கள். அதை அணைத்து வைக்குமாறு அந்த நிறுவனமே சொன்னது.

ஆகவே, தமிழ் நண்பர்களே! கணினி மெதுவாகிவிட்டது என்று வீட்டுக்குத் தொலைபேசும் முன், கடிகாரத்தின் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதியுங்கள். காரணம் என்று ஒன்றைக் கண்டால், அதை மூடியும் திறந்தும் உறுதி செய்யுங்கள். ஒரு மாலைப்பொழுதும் ஒரு தாளும் பென்சிலும் போதும். ஊரில் அடகுக் கடையில் இருக்கும் சங்கிலி திரும்பி வரட்டும். இன்னொன்று அங்கே போக வேண்டா.