செவ்வாய்க்கிழமை போன சுற்றுலா

அரையாண்டு விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நான் சென்னைக்குப் போனேன். யாரும் சிரிக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா செராமிக் கம்பெனியில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று ஆடி மாசத்திலிருந்து அவங்களுக்கு ஓய்வே கிடையாது. கார்த்திகை முடிந்தால்தான் மூச்சு விட முடியும். என் தம்பி மூன்றாம் வகுப்பு. வண்டலூரில் வெள்ளைப் புலி இருக்கு என்று யாரோ அவனிடம் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே புலிப் பேச்சுதான். அதற்காக அம்மா உண்டியலில் காசு சேர்த்தாங்க. ஒரு நாள் கூலியையும் விட்டாங்க.

நாள் குறித்தது நான். "ஞாயித்துக்கிழமை போனா கூட்டம் நெரியும்மா. செவ்வாய்க்கிழமை போவோம், காலியா இருக்கும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

விடியற்காலை மூணு மணிக்கு பஸ் ஏறினோம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் இருட்டிலேயே போய்விட்டது. தம்பி தூங்கவே இல்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் திறந்த பிறகு, நம்ம பக்கத்து பஸ்ஸெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது. அங்கிருந்து வண்டலூர் பக்கம்தான். போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கு! செவ்வாய்க்கிழமை வார விடுமுறையாம். நான் சொன்னது பலித்துவிட்டது. கூட்டமே இல்லை.

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். "புலிக்கும் லீவாக்கா?" என்று கேட்டான். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அங்கே வேர்க்கடலை விற்ற ஆயாதான், "எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதாம்மா லீவு, புள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போ" என்று வழி சொன்னாங்க.

மின்சார ரயிலில் போனோம். பல்லாவரம் வந்ததும், "1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இங்கேதான் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்" என்று அம்மாவிடம் சொன்னேன். இழந்த மரியாதையை மீட்கலாம் என்று பார்த்தேன். அம்மா மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாங்க.

மியூசியம் 1851-இல் தொடங்கியது. திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் தம்பி பாதிப் புலியை மறந்துவிட்டான். ஐம்பொன் சிலைகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது பானைகளைப் பற்றி.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறதே, அங்கே 1876-இல் முதலில் தோண்டியவர் ஜாகோர் என்ற ஜெர்மானியர். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவைதான் எழும்பூருக்கு வந்தன. அந்த முதுமக்கள் தாழி முன்னால் அம்மா நின்றாங்க. நகரவே இல்லை. பெயிண்ட் வேலைக்கு வருவதற்கு முன்னால் சூளைப் பக்கம் வேலை செய்தவங்க அவங்க.

"இவ்ளோ பெரிய தாழி! உள்ள துளி ஈரம் இருந்தாலும் சூளையில வெடிச்சிடும்டி. எத்தன நாள் நிழல்ல காய வச்சாங்களோ" என்றாங்க. அப்புறம் கறுப்பு சிவப்புப் பானையைக் காட்டி, "இது பெயிண்ட் இல்ல. கவுத்து வச்சு சுட்டிருக்காங்க. உள்ளயும் வாய்ப் பக்கமும் காத்துப் படல, புகை ஏறிக் கறுத்துப் போச்சு. காத்துப் பட்ட இடம் செவந்திருக்கு, பாரு" என்றாங்க. குரல் கொஞ்சம் சத்தம்தான். பக்கத்தில் நல்லா உடுத்திய ஒரு சென்னைக் குடும்பம் நின்றது. "மெதுவா பேசும்மா" என்று நான் சேலையை இழுத்தேன்.

அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண் கிட்டே வந்து, "அப்போ நேரா வச்சு சுட்டா என்ன ஆகும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். அம்மா அவளுக்கும் விளக்கினாங்க. அவள் அப்பா, "நீங்க டீச்சருங்களா?" என்றார்.

"இல்லைங்க, விருத்தாசலத்துல பொம்மைக் கம்பெனியில கூலி வேலை."

அம்மா அதைச் சாதாரணமாகச் சொன்னாங்க. நான் தாழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் ஜூன் மாதம் பள்ளியில் கொடுத்த படிவத்தில், தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்தவள் நான். வகுப்பாசிரியை அவர்களே, தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மெரினா போனோம். அலையில் தம்பியின் ஒரு செருப்பு போய்விட்டது. ராத்திரி ரயிலில் அம்மா மடியில் படுத்தவன், "புலி?" என்றான். "அடுத்த தடவை நாள் நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அன்றைக்கு முதல் தடவையாக.

பொங்கலுக்கு முன்னால், காது உடைந்ததால் கழித்துப் போட்ட ஒரு பூனை பொம்மையை அம்மா கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தாங்க. தம்பியும் அம்மாவும் உட்கார்ந்து அதற்குக் கறுப்புக் கோடு போட்டார்கள். ஒற்றைக் காது வெள்ளைப் புலி இப்போது எங்கள் டிவி மேலே நிற்கிறது. மூக்குக்கு ரோஸ் கலர் அடித்தது நான்.

- ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு