பனை ஏற ஆள் வேணும்

பனைமரம் தமிழ்நாட்டின் மாநில மரம் என்று எல்லோரும் பரீட்சையில் எழுதிவிடுவோம். மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால் நம்மில் எத்தனை பேர் பனை ஏறுவதைப் பார்த்திருக்கிறோம்?

சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டோரம் ஒரு தாத்தா பதநீர் விற்பார். ஓலைப்பட்டையில் ஊற்றி, நுங்கையும் போட்டுத் தருவார். ஐஸ்கிரீம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்!

"இது கள்ளாகாம எப்படி தாத்தா இருக்கு?"

"கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவணும்லா? அதுதான் புளிக்க விடாது."

தினமும் காலையும் மாலையும் ஏறி பாளையைச் சீவ வேண்டுமாம். விட்டுவிட்டால் பாளை காய்ந்து பதநீர் குறைந்துவிடும். அதனால் பனையேறிக்கு ஞாயிறும் கிடையாது, காய்ச்சல் லீவும் கிடையாது. ஆண் பனையிலும் பதநீர் வரும், நுங்கு மட்டும் பெண் பனையில்தான். இதுவும் அவர் சொன்னதுதான்.

"உங்க மவன் ஏறுவாரா தாத்தா?"

"அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். பனையேறிக்கு எவன் பொண்ணு குடுக்கான்?"

கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரெண்டும் நல்ல விஷயம்தான். ஆனால் அதே உடன்குடி பக்கம் எங்க ஆச்சி தோட்டத்தில் ஏழு பனை சும்மா நிற்கிறது. வெட்ட ஆள் வரவில்லை, ஏறவும் ஆள் வரவில்லை. நுங்கு முற்றிப் பழமாகித் தானாக விழுகிறது. ஆச்சி அதைப் பொறுக்கி, கொட்டையை மண்ணில் புதைத்து வைப்பாங்க. பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வருவது அந்தக் கிழங்குதான். கருப்பட்டியை மட்டும் கடையில் வாங்குகிறோம்.