தூண் விலை கேட்கப் போய், இரண்டு ராத்திரி தங்கிவந்தோம்!

எங்கள் வீட்டில் எட்டுத் தேக்குத் தூண்கள். தாத்தா காலத்து வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், மேலே நாட்டு ஓடு. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தலைமுறைக்கு இந்த மாதிரி வீடுகள் பழக்கம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி நூற்றுக்கு மேற்பட்ட தென்னைகள் சாய்ந்தன, பாதி ஓடுகள் பறந்தன. சுவர் மட்டும் அசையவில்லை. அதற்குப் பிறகு ஓட்டை மாற்ற முடியாமல் மேற்குப் பக்கம் தகரம் போட்டேன். வீட்டுக்கு அன்றிலிருந்தே ஒரு நோயாளிக் களை வந்துவிட்டது.

திருப்பூரில் இருக்கும் என் தம்பி மூன்று வருடமாக ஒரே பேச்சு: "அண்ணே, இடிச்சிட்டு மாடி வீடா கட்டிருவோம். தூணு, நிலை, கதவை வித்தாலே அஸ்திவாரத்துக்கு ஆச்சு." வீட்டில் அவனுக்குப் பாதிப் பங்கு. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. போன புரட்டாசியில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வீடு தேடியே வந்து, தூண்களைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். அது நல்ல விலையா, ஏமாற்றா என்று எனக்குத் தெரியவில்லை. காரைக்குடிக்கே போய் விசாரித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சம்பா நட்டுக் களையும் எடுத்தாயிற்று. வீட்டுக்காரம்மாவும் வருவதாகச் சொன்னார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் கோயில், துக்கம், ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் நாங்கள் வெளியூரில் தங்கியதில்லை. 'போவதுதான் போகிறோம், அந்தப் பெரிய வீடுகளில் ஒன்றில் தங்கியே பார்த்துவிடலாம்' என்று துணிந்தோம்.

அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குப் போய், முதலில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் போனோம். பழைய வீட்டுச் சாமான் விற்கும் தெரு அது. பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி, எனாமல் கிண்ணம், மங்கிய கண்ணாடிகள், யார் யாருடைய தாத்தா படமோ. ஒரு கடையின் பின்பக்கம் தூண்களை விறகுபோல அடுக்கியிருந்தார்கள். அடியில் கல் பீடம் இல்லை, மேலே போதிகை இல்லை. விலையும் விசாரித்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்னதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். என் கணக்கு சரியாகிவிட்டது; ஆனால் மனசு சரியில்லை. வீட்டுக்காரம்மா அந்தத் தூண் ஒன்றில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிள்ளை பிடித்து நின்ற இடம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, இடுப்பு உயரத்துக்குக் கீழே.

அங்கிருந்து கானாடுகாத்தான் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் நுழைந்ததும் தெருவெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. ஒரு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் வாசலுக்குள் வாசல், அதற்குள் வாசல் என்று கடைசியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அதுதான் பின்வாசல். பர்மா, இலங்கை, மலேயா என்று போய்ச் சம்பாதித்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரைக்கும் கட்டிய வீடுகள் இவை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஜப்பான் ஓடு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்தவை ஏராளம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இப்படி வீடுகள் இருக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன.

இதில் சில வீடுகள் இப்போது தங்கும் விடுதிகள். காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்', பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீர்செய்த 'சாரதா விலாஸ்', திருமயம் பக்கம் கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' எல்லாம் பேர்போனவை. நாங்கள் தங்கியது அத்தனை பெரிய இடமில்லை. அதற்கே இரண்டு ராத்திரிக்கு எங்கள் ஒரு மாதப் பால் பணம் போய்விட்டது. இதை மறைப்பானேன்? செலவு அதிகம்தான். தங்க முடியாதவர்கள் ஆத்தங்குடி பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். அரை நாள் போதும்.

எங்களுக்குக் கொடுத்த அறை வளவை ஒட்டியது. நம் பக்கம் முற்றம் என்போம். அங்கே முற்றமும் சுற்றியுள்ள தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்து வளவு. இரு பக்கமும் வரிசையாக அறைகள். ஏன் இத்தனை என்று கேட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் விளக்கினார். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒவ்வொரு குடும்பமும் ஒரு 'புள்ளி'. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி உலை தனி, கணக்குத் தனி. விசேஷம் மட்டும் ஒன்றாக.

"அப்ப சண்டையே வராதா ஐயா?"

"வராம என்ன! ஆனா சண்டை போட்டவனும் ராத்திரி இதே வளவுலதான் படுக்கணும்" என்றார்.

என் தம்பியின் நினைப்பு வந்தது. நாங்கள் ஒரே வீட்டில் படுத்துப் பத்து வருடம் ஆகிறது.

அன்று ராத்திரி ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், தண்ணீர் நாலு பக்கமும் திரை கட்டினாற்போல் இறங்கியது. பெரியவர் கொஞ்ச நேரம் சும்மா விட்டு, ஓடு கழுவிய தண்ணீர் போனபிறகு அண்டாக்களைக் கொண்டுவந்து வைத்தார். மிச்சத் தண்ணீர் முற்றத்துக் கல் தளத்தின் சரிவில் ஓடி, வடிகால் வழியாகத் தெருவுக்குப் போகிறது. தெருவிலிருந்து ஊருணிக்கு. மழை குறைந்த, ஆறு பாயாத செம்மண் காடு அது. வீட்டைக் கட்டும்போதே கூரைத் தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு முற்றத்து வடிகாலை நான் எட்டு வருடத்துக்கு முன்னால் சிமென்ட் வைத்து அடைத்தேன், எலி வருகிறது என்று. அதைப் பெரியவரிடம் சொல்லவில்லை.

"காசு குடுத்து நம்ம வீட்டுலயே வந்து படுத்த மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரம்மா. "அளவுதான் பெருசு. நாம வெச்சுக்கத் தெரியாம வெச்சிருக்கோம்."

காலையில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கருப்புக் கவுனி அரிசியில் செய்த இனிப்பு. எங்கள் பக்கத்தில் கவுனி போட்டவர்கள் விற்க இடம் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சிறு கிண்ணத்தில் இரண்டு கரண்டி வைத்து, அதற்கு ஒரு கதையும் சொல்லிப் பரிமாறுகிறார்கள். கதை சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் விலை.

சாப்பிட்டதும் நான் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிபோல இருந்தது. பெயின்ட் என்று நினைத்தேன். இல்லை, சுண்ணாம்பு. பெரியவரின் அப்பா கொத்தனாராக இருந்தவராம். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைப்பது. அதைப் படலம் படலமாகப் பூசிக் காயவிடுவது. கடைசிப் படலத்துக்கு நைஸாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பது. வேலை மெதுவானது, கூலி அதிகம். ஆனால் பூசிவிட்டால் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கத் தேவையில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எங்கள் வீட்டுச் சுவரில் கீழே மூன்றடிக்கு எப்போதும் உப்புப் பூத்து உதிர்கிறது. எத்தனை முறை சிமென்ட் பூசினாலும் அதற்கு மேலே ஏறிப் பூக்கிறது. கேட்டேன். பெரியவர் சிரித்தார்.

"சிமென்ட்டு பூசுனதாலதான் பூக்குது. தரை ஈரம் சுவத்துல ஏறும். சுண்ணாம்புச் சுவரா இருந்தா அது அப்படியே வெளிய ஆவியாப் போயிரும். நீங்க சட்டை மாட்டி அடைச்சிட்டீங்க. அது மேல ஏறி வழி தேடுது."

வழியும் சொன்னார். ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி சேர்த்துச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். செங்கல் இடுக்கில் உப்பேறிய காரையைச் சுரண்டிவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிட வேண்டும். அதன்பிறகுதான் சுண்ணாம்புக் காரை. மழைக்காலத்தில் தொடவே கூடாது. தை பிறந்து தொடங்கினால் சரி. இந்த ஒரு பதிலுக்காகவே அந்தப் பால் பணம் தகும் என்று அப்போது தோன்றியது.

மதியம் ஆத்தங்குடி. தரையில் பதிக்கும் பூ ஓடுகள் செய்யும் கொட்டகை ஒன்றில் ஒரு மணி நேரம் நின்றோம். கண்ணாடிச் சட்டத்தின்மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி அச்சை எடுத்துவிடுகிறார்கள். அதன்மேல் காய்ந்த கலவையைத் தூவி, பிறகு சிமென்ட்டும் உள்ளூர் மணலும் சேர்ந்த கலவையால் நிரப்பி அழுத்துகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறுகிறது. சூளை கிடையாது. கண்ணாடியை விட்டு எடுக்கும்போதே முகம் மினுங்குகிறது. நடக்க நடக்க மெருகு ஏறும் என்றார்கள். நாங்கள் தங்கிய வீட்டில் அது நேரிலேயே தெரிந்தது.

திரும்பும் வழியில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். கூரையில் ஆலங்கன்று முளைத்த வீடுகள். எப்படி இப்படி ஆனது? பங்காளிகள் பெருகிவிட்டார்கள், ஆளுக்கு ஒரு ஊர், ஒரு நாடு. பழுது பார்க்கப் பணம் போட எல்லோரும் ஒத்துவருவதில்லை. இடித்து விற்றுப் பங்கு பிரிக்க மட்டும் எப்படியோ ஒத்துவந்துவிடுகிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் பார்த்த தூண்கள் அப்படி வந்தவைதான். எங்கள் வீட்டில் பங்காளி ஒருவன்தான். அவனோடு நான் இதுவரை 'விற்கலாமா, கூடாதா' என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.

நம் வீட்டையும் இப்படித் தங்க விடலாமா என்று வாசகர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரியவர் நேராகச் சொன்னார்: "ஆளுங்க தூணைப் பார்த்துட்டு வருவாங்க. கக்கூஸு சரியில்லைன்னா மறுபடி வர மாட்டாங்க." அறையோடு சேர்ந்த சுத்தமான கழிப்பறை, கொசுவலை, நாள் முழுக்கத் தண்ணீர், காலையில் சொன்ன நேரத்துக்குக் காபி. இதெல்லாம் இல்லாமல் தூணும் திண்ணையும் பயன் இல்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விட, மத்திய சுற்றுலா அமைச்சகத்தில் பதிவு செய்யும் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், வருமானத்தை நம்பிக் கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். வீட்டைப் பழுதுபார்ப்பது நமக்காக என்று முடிவானபிறகு, ஓர் அறையைக் கூடுதலாக ஒழுங்கு செய்து பார்க்கலாம். அதோடு, அந்நியர் நடமாட்டத்தை வீட்டுப் பெண்கள் ஒப்ப வேண்டும். சமையல் அவர்கள் தலையில்தான் விழும். எங்கள் வீட்டுக்காரம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய அன்றே தம்பிக்குப் போன் போட்டேன். தூண் விலையைச் சொன்னேன். மூன்று மடங்கு என்றதும் அவன் குரல் மாறியது. "பார்த்தியாண்ணே, நான் சொன்னேன்ல" என்றான். பிறகு புள்ளிக் கதையைச் சொன்னேன். கிழக்குப் பக்கம் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உனக்கு, கூரைச் செலவு பாதிப் பாதி, இதை யோசி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அந்த வடக்குத் தூணுல நான் பேரு வெட்டுனேனே, இருக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது என்றேன். தைக்கு வருகிறேன், அதுவரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே என்று வைத்துவிட்டான்.

வியாபாரி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். நான் கொல்லையில் குழி வெட்டிச் சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறேன். முற்றத்து வடிகாலில் அடைத்த சிமென்ட்டை நேற்று உடைத்தேன். முதல் எலி இன்று காலை வந்துவிட்டது.