பகல் தூக்கம்

தைல மரத்தின் வாசனை எனக்குப் புதிதல்ல. சளி பிடித்தால் அம்மா நெஞ்சில் தேய்த்துவிடும் நீலகிரித் தைலத்தின் வாசனைதானே அது! ஆனால் அந்த மரத்தின் தாய்நாட்டுக்கே போய், அதன் உச்சியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பேன் என்று நான் சொப்பனத்திலும் நினைத்ததில்லை.

மெல்போர்னில் இருக்கும் என் தங்கை மகள்தான் அழைத்துப் போனாள். கிழக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் காரில் போய், பெயின்ஸ்வில் என்ற ஊரில் படகேறினால், வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ரேமண்ட் தீவு வந்துவிடுகிறது. தீவு என்றதும் நான் பெரிய வனாந்தரத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் வீடுகள், தோட்டங்கள், வாசலில் தபால் பெட்டிகள். அவற்றுக்கு மேலே, தைல மரங்களின் கவடுகளில் கோவாலாக்கள்!

"கரடி மாதிரியே இருக்கேடி!" என்றேன்.

"கரடியே இல்லை, மாமா. கங்காருவுக்குச் சொந்தம். குட்டியை வயித்துப் பையிலேதான் வளர்க்கும். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

ஒரு கோவாலா கிளையைக் கட்டிக்கொண்டு, முகத்தை மார்பில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்றேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாத்திரம் ஏதாவது செய்தாக வேண்டும் அவனுக்கு. தங்கை மகள் சற்று அப்பால் போன சமயம் பார்த்து, இரண்டு முறை பலமாகக் கையைத் தட்டினேன்.

அது விழித்துக்கொண்டது. பழுப்பு நிறக் கண். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து, இன்னும் உயரத்தில் இருந்த கிளைக்கு ஏறிப்போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எதிர் வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிழவி குழாயை மூடிவிட்டு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "இந்த ஏற்றத்துக்கு அது எவ்வளவு இலை தின்ன வேண்டும், தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. தைல இலையில் சத்து சொற்பம். நாரும் நஞ்சும் அதிகம். அந்த நஞ்சை முறித்து, நாரைச் செரித்து, கிடைக்கிற கொஞ்சம் சக்தியில் காலம் தள்ள வேண்டும். அதனால்தான் நாளில் 18, 20 மணி நேரம் தூக்கம். சோம்பல் அல்ல அது. சொற்பச் சம்பளக்காரன் வீட்டுச் சிக்கனம்.

அப்பாவின் நினைவு வந்தது. கோயமுத்தூரில் பஞ்சாலையில் அவருக்கு இரவு ஷிப்டு. பகலில் அவர் தூங்கும்போது அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஐஸ்காரன் மணியடித்தால் கையைக் காட்டி அடக்குவாள். ஒரு நாள் நான் பித்தளைக் குடத்தைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா திட்டவில்லை. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அதே முதுகை ஒரு மரத்தின் மேல் பார்ப்பேன் என்று யார் கண்டது?

இந்தச் சாதுப் பிராணியை மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள்! 1927 ஆகஸ்டில் குவீன்ஸ்லாந்து அரசாங்கம் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஒரே மாதத்தில் தோலுக்காகக் கொன்றவை ஐந்து லட்சத்துக்கும் மேல். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். அதற்குப் பிறகு அங்கே அந்த அனுமதி கிடையாது. ஆனால் துப்பாக்கி போன இடத்துக்குக் காடழிப்பு வந்தது. மோட்டாரும் நாயும் நோயும் வந்தன. 2019 கடைசியில் பெருந்தீயும் வந்தது. 2022-ல் குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் அழிவை எதிர்நோக்கும் இனம் என்றே அறிவித்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தீவின் சங்கடம் நேர் எதிர். 1953-ல் கொண்டுவந்து விட்டவை பெருகி, மரங்களையே மொட்டையடித்துவிட்டதால், சிலவற்றைப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட வேண்டியிருந்ததாம்.

அன்பு வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. தீயில் தப்பியவற்றின் வாயில் பாட்டில் தண்ணீரைச் சாய்த்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தலையை அண்ணாந்து குடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். கிண்ணத்தில் ஊற்றிக் கீழே வைக்க வேண்டும் என்கிறார்கள் மிருக வைத்தியர்கள். நல்லவர்களுக்கு இது தெரியவில்லை. எனக்குக் கையைத் தட்டாமல் இருக்கத் தெரியவில்லை.

பொழுது சாயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் அதுவாகவே விழித்துச் சோம்பல் முறித்தது. ஒரு கொத்தை இழுத்து, முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் விட்டது. வேறொரு கொத்தைப் பிடித்துச் சாவகாசமாக மெல்ல ஆரம்பித்தது. எங்கோ ஓர் ஆண் கோவாலா, பழைய மோட்டார் சைக்கிளைக் கிளப்புவது போல உறுமியது.

திரும்பும்போது நல்ல இருட்டு. சாலையோரத்து மஞ்சள் பலகையில் கோவாலாப் படம் வெளிச்சத்தில் பளிச்சிட்டது. தங்கை மகள் காரை நத்தையாக ஊர விட்டாள்.

"லேட்டாகும், மாமா. பரவாயில்லையா?"

"நீ ரோட்டைப் பார்" என்றேன். நானும் பார்த்துக்கொண்டே வந்தேன்.